பிளேடு நின்ற பக்கம்

டைட்டானியம் பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி, லேசரால் உருக்கி, அதன்மேல் மறுபடியும் பரப்பி, அக்காவின் இயந்திரம் ஒரு தாடைத் தகட்டை வளர்த்துக்கொண்டிருந்தது. விபத்தில் தாடை நொறுங்கிய ஓர் ஆசிரியைக்கு. மறுநாள் காலையில் அறுவை சிகிச்சை. அதனால் பொடியைப் பரப்பும் பிளேடின் வேகத்தைக் கூட்டியிருந்தாள். புதுப் பொடி தீர்ந்து, சலித்த பழைய பொடியை இப்போதுதான் ஊற்றினாள்.

அதுதான் என்னை உறுத்தியது. பக்கத்து அறையில், மாலை வகுப்பில் கற்ற சிமுலேஷனில் துகள்களுக்குப் பழைய பொடிக்கு இருப்பதுபோல் கொஞ்சம் ஒட்டும் தன்மை கொடுத்து ஓட்டியிருந்தேன். பிளேடு போய்ச் சேரும் ஓரத்தில் பொடி பற்றாமல் வழுக்கை விழுந்தது. ஏதாவது எண்ணைத் தப்பாகக் கொடுத்திருப்பேன் என்று சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். அதே வழுக்கை.

அக்காவிடம் ஓடினேன். "வலது ஓரத்தைப் பாருக்கா. பொடி போய்ச் சேராது."

ஒவ்வொரு முறை பரப்பியதும் கேமரா படம் எடுக்கும். அக்கா அதில் வலது ஓரத்தைப் பெரிதாக்கினாள். பட்டுத் துணி போலிருந்தது.

"வழுக்கை உன் கம்ப்யூட்டர் பொடிக்குத்தான். போய் அதுக்கு எண்ணெய் தேய்ச்சு விடு."

லேசர் வலப்புறத்தில் பொறி பறக்கத் தொடங்கியது. எங்கே தவறினேன்? கண்ணாடி வழியே பார்த்தேன். பிளேடு இடப்பக்கம் நின்றிருந்தது. வகுப்பில் தந்த மாதிரியில் அது எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் பரப்பும். இங்கேயோ போகும்போதும் பரப்புகிறது, திரும்பும்போதும் பரப்புகிறது! இந்தப் படலத்தில் அது போய்ச் சேர்ந்த ஓரம் இடது.

"அக்கா, இடது ஓரம்! இடது!"

"ஏதாவது ஒரு பக்கமா நில்லுடி." திட்டிக்கொண்டே படத்தை நகர்த்தினாள்.

தகட்டின் திருகுத் துளைகளைச் சுற்றிப் பொடியே இல்லை. கீழே உறைந்த உலோகம் பல்லை இளித்தது. லேசர் அதை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது பட்டால் தகடு வீண். இன்னொன்று வளர்க்க நேரமில்லை. அக்கா பொத்தானை அறைந்தாள். பொறி அணைந்தது.

வேகத்தைக் குறைத்து அதே படலத்தை மீண்டும் பரப்பினாள். இரண்டு ஓரமும் நிறைந்தன. முந்தைய படங்களைப் புரட்டினாள். அவற்றில் குறையில்லை. பிறகு ஃபோனை எடுத்தாள்.

"டாக்டர், தகடு மதியம்தான் வரும்."

"காலைலன்னு சொன்னீங்களேம்மா?"

"சொன்னேன் சார். அவசரப்பட்டா திருகு போடுற இடத்துல விரிசல் விட்டுடும்."

நான் நகத்தைக் கடித்தேன்.

"சரி, அவங்களைக் கடைசி கேஸா மாத்திக்கிறேன். அதுக்கு மேல இழுக்காதீங்க."

அக்கா ஒரு நாற்காலியை என் பக்கம் காலால் தள்ளினாள்.

"இன்னிக்கு வகுப்புக்கு மட்டம் போடு. நீ இடது ஓரம், நான் வலது."