கத்த ஆளில்லாத பிங்கோ

சிங்கி இறால் படகுகள் கரையேறி, கனடாவின் நியூ பிரன்சுவிக் கடற்கரைக்கு, எண்சீட்டு ஆட்டமான பிங்கோவைத் தவிர வேறு கதியில்லாத மாதம். ஆட்டம் நடக்கும் தீயணைப்பு நிலையக் கூடத்துக்கு, ஆளுக்கொன்றாகப் புது மின்பலகைகள் வந்தன. சங்கத் தலைவர் ஓரேல், நிலவுக்கு ராக்கெட் விட்டவர் தோரணையில் பேசினார்.

"இனிமே யாரும் கட்டம் கட்டமா தேட வேண்டாம். எண்ணைக் கூப்பிட்டதும் பலகையே உங்க சீட்டையெல்லாம் பாத்துடும். ஜெயிச்ச சீட்டு எதுன்னு என் மேசைக்கும் தெரிஞ்சுடும்."

"அப்ப நாங்க எதுக்கு, ஓரேல்?" என்றது பின்வரிசை.

"கத்தறதுக்கு. அடுத்த பந்து எடுக்கறதுக்குள்ள 'பிங்கோ'ன்னு வாயால சொல்லணும். இல்லேன்னா செல்லாது. பக்கத்து நாற்காலிக்காரங்க சொன்னாலும் சரி."

லெயோனிக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். தொண்டைப் புற்று அவள் குரலைக் கொண்டுபோன பிறகு, அவளுக்காகக் கத்தியவள் அண்ணி கொரின். அண்ணனின் சாவுச் சாப்பாட்டில், 'அண்ணி நேரத்துக்கு டாக்டரிடம் காட்டியிருந்தால் பிழைத்திருப்பான்' என்று லெயோனி யாருக்கோ சிலேட்டில் எழுதிக் காட்டினாள். அது கைமாறிக் கைமாறிக் கொரினிடமே வந்து சேர்ந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

இன்று லெயோனி வேண்டுமென்றே கொரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மறுபக்கம் சுவர். 'மன்னிச்சுடு அண்ணி' என்று சிலேட்டில் எழுதி நகர்த்தினாள். கொரின் பார்க்காமலே அதன்மேல் பட்டாணி சூப்புக் கிண்ணத்தை வைத்தாள்.

"ஓ அறுபத்தெட்டு," என்று பந்தைப் பார்த்துக் கூப்பிட்டார் ஓரேல்.

லெயோனியின் பலகை சிவப்பாக மின்னியது. அவள் மேசையைத் தட்டினாள். கொரினின் கையைப் பிடித்தாள். கொரின் சூப்பைக் கிளறினாள்.

"லெயோனியோட சீட்டுதான், என் மேசை சொல்லுது. என்ன துல்லியம் பாத்தீங்களா," என்று பூரித்த ஓரேல், அடுத்த பந்தை எடுத்தார். "ஜி ஐம்பத்திரண்டு."

இப்போது கொரினின் பலகை மின்னியது. கொரின் வாயைத் திறந்தாள். கூடமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சற்று முன் வராத குரலை இப்போது மட்டும் எப்படி வரவழைப்பது? பக்கத்தில் லெயோனியின் உதடுகள் அவளுக்காக 'பிங்கோ' என்று அசைந்தன. காற்றுதான் வந்தது.

"பி ஏழு."

பலகை மின்னியும் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை அவர் மனைவி இடித்தாள். அவர் கத்தினார்.

"ரெண்டு ஜெயிப்பு வீணாயிடுச்சு. பலகைமேல தப்பில்லே," என்றார் ஓரேல்.

கொரின் கிண்ணத்தைத் தூக்கினாள். அடியில் இருந்த ஈரத்தில் எழுத்து அழிந்துபோயிருந்தது.

"என்னடி எழுதியிருந்தே?"

லெயோனி சாக்பீஸை எடுத்து, நிதானமாக, 'ஒண்ணுமில்லை' என்று எழுதினாள்.