தாண்டிப்போன வரி

அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஆபீஸ். தங்கை எடுக்கவில்லை. செத்துப்போன அண்ணனின் உடம்பு அடுத்த அறையில் கிடந்தது.

வாசலில், கிடங்கில் அண்ணனோடு மூட்டை தூக்கிய கூட்டாளி கத்திக்கொண்டிருந்தான். "இருபது வருஷம் சுமந்தவனுக்கு எங்க நிக்கணும்னு தெரியாதாம்! எழுதிக் கொண்டாந்துட்டானுங்க!"

கிடங்கு மேலாளர் கொடுத்த காகிதம் அண்ணியின் மடியில் இருந்தது. சுமை தூக்கும் இயந்திரத்திலிருந்து பாரம் சரிந்து விழுந்ததற்கு இயந்திரக் கோளாறு காரணமில்லை, கீழே நின்று செத்தவனின் கவனக்குறைவு என்றது அது.

"கையெழுத்து போட்டா இன்னிக்கே முடிஞ்சிரும்னு சொல்றாரு. நீ படிச்சவ, பாத்து சொல்லு," என்றாள் அண்ணி.

அந்த இயந்திரத்தை இயக்கும் கணினி நிரல் தங்கையின் கம்பெனி எழுதியது. நிரலை வரிவரியாகப் படித்து நிறைவேற்றும் இன்டர்ப்ரெட்டரைத் தயார்செய்து அனுப்புவது அவள் வேலை. "என் பொழப்பத் திங்க வந்த மெஷினுக்கு எந்தங்கச்சிதான் சோறு ஊட்டுறா" என்று கிடங்கு முழுக்கப் பீற்றிக்கொண்டவன் அண்ணன்.

இயந்திரம் மெதுவாக ஓடுகிறதென்று கிடங்குகளில் எல்லாரும் முணுமுணுக்க, போன மாதம் இன்டர்ப்ரெட்டரின் வேக அமைப்பை எப்போதும் இயங்கும்படி வைத்தாள். அதில் 'இது சரிதானா' என்று கேட்கும் சோதனை வரிகளை இன்டர்ப்ரெட்டர் படிக்காமல் தாண்டிவிடும். எழுதுகிறவன் தன் பிழையைப் பிடிக்க வைத்துக்கொள்ளும் வரிகள்தானே, போனால் போகட்டும் என்று நினைத்தாள். எடை மீறினால் தூக்காதே என்பதையும் எவனோ அப்படியொரு வரியாகத்தான் எழுதியிருந்தான். இன்று காலையில்தான் அதைத் தேடிப் பார்த்தாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தாள்.

"யாரு மாத்துனதுன்னு வெளிய தெரியாதும்மா," என்றார் குழுத் தலைவர். "நாளைக்கு சத்தமில்லாம பழையபடி திருப்பிரலாம். வாயத் தொறக்காத."

"மாத்துனவ பேரு அதுலயே இருக்கு சார். மத்த கிடங்குல இப்பவும் ஓடுது. உடனே நிறுத்தச் சொல்லுங்க."

வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கையெழுத்து போடாதீங்க அண்ணி. அண்ணன் மேல தப்பில்ல."

"அப்ப மெஷினா?"

"மெஷின் இல்ல. நான் அதுல ஒண்ணு மாத்துனேன்."

வாசலிலிருந்து கூட்டாளி உள்ளே எட்டிப் பார்த்தான். அண்ணி எழுந்தாள். தங்கையின் கையிலிருந்த சட்டையை வாங்கிக்கொண்டாள்.

"நானே அவருக்குப் போட்டுவிடறேன்."

அறைக்கதவு சாத்திக்கொண்டது.

மேசைமேல் இஸ்திரிப் பெட்டி இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அணைத்தாள். அணைந்ததா என்று குனிந்து பார்த்தாள். பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மறுபடி பார்த்தாள்.