புபுசிக் கணக்கு

“இத மட்டும் கேக்காத தங்கச்சி,” என்றான் கடைக்காரன் சியோசி. சரக்கு எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் விற்பனை படுத்துவிடும் என்றெல்லாம் அதுவரை கடகடவென்று சொல்லிவந்தவன், இந்தக் கேள்விக்கு வாயைப் பூட்டிக்கொண்டான்.

கடைக் கணக்கெடுக்க வந்த மரேவா கேட்டது புபுசியைப் பற்றி. ஒருவர் வந்து ‘புபுசி’ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால், அபையாங் தீவில் இல்லை என்று சொல்ல முடியாது. அரிசியோ தூண்டில் நரம்போ, காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். மறுப்பது கேவலம். கொடுத்ததை வெளியே சொல்வது அதைவிடக் கேவலம்.

இதனால் மரேவா வேலை பார்க்கும் தலைநகர்ப் புள்ளிவிவர அலுவலகத்தில் வெளித்தீவுக் கடைகளின் கணக்கு எப்போதும் இடிக்கும். வாங்கிய சரக்கு எக்கச்சக்கம், விற்றது கொஞ்சம். மீதி எங்கே? ‘கடைக்காரர்கள் வருமானத்தை மறைக்கிறார்கள்’ என்று வெளிநாட்டு ஆலோசகர் அறிக்கையில் எழுதிவிட்டார். மரேவாவும் இந்தத் தீவுக்காரிதான். படித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சண்டை போட்டு, படிவத்தில் புபுசிக்கென்று தனிக் கேள்வி சேர்க்க வைத்தாள். கடைக்காரர்கள் பதில் சொன்னால் அந்தக் கேள்வி படிவத்தில் நிலைக்கும். இல்லையென்றால் அந்தத் திருட்டுப் பட்டமே அச்சேறும். இதுவரை பார்த்த கடைக்காரர்கள் எல்லாரும், “சியோசி சொல்லட்டும், நாங்களும் சொல்றோம்,” என்று நழுவிவிட்டார்கள்.

“கொடுத்ததச் சொல்லிக் காட்டுறான்னு ஊரு காறித் துப்பும். அப்புறம் ஊர் மண்டபத்துல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காருவேன்?” என்றான் சியோசி.

“யாருக்குன்னு வேண்டாம்ண்ணே. என்னென்னன்னு மட்டும் சொல்லு.”

“ம்ஹூம்.”

மரேவா பேனாவை மூடினாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணே, புபுசி.”

சியோசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் கப்பலில் வந்திறங்கிய தையல் மிஷின் பக்கம் அவன் கண் தானாக ஓடியது.

“எ... என்ன வேணும்?”

“பதில்.”

சாமான் வாங்க நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“அடிப்பாவி! இப்படியா மடக்குவ?” என்று அவனும் சிரித்துவிட்டான். வேறு வழி? சொன்னான். அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய், ஒரு சாவு வீட்டுக்கு மாவு மூட்டை. சொல்லச் சொல்ல அவன் குரல் தாழ்ந்துகொண்டே போனது, குற்றத்தை ஒப்புக்கொள்பவன் மாதிரி. மரேவாவுக்கோ எழுத எழுத நெஞ்சு நிமிர்ந்தது. மறைத்த வருமானமாமே! ஊரே இந்தக் கடையில்தான் சாப்பிட்டிருக்கிறது.

“அவ்வளவுதான்,” என்றான்.

“என்ன அவ்வளவுதான்? எனக்குக் குடுத்த வலை எங்க போச்சு?” என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள் மீன்காரி ரூத்தா. “எழுதிக்கோ பொண்ணே. நான்தான் கேட்டேன். கேட்டதச் சொல்ல எனக்கென்ன வெக்கம்?”

“எங்க வீட்டுக் கூரைத் தகரம்?” என்றார் வாசலில் நின்ற ஒருவர்.

“எம் மக கல்யாணத்துக்கு டின் மீனு!”

“ஏய், மெதுவா சொல்லுங்கப்பா, கை ஒண்ணுதானே இருக்கு,” என்று மரேவா தாளைத் திருப்பினாள்.

சியோசி யார் முகத்தையும் பார்க்கவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பி, ஒழுங்காக இருந்த டின்களையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தான். பின்னால் புதிதாக ஒரு குரல் எழும்போதெல்லாம் அவன் கை சற்று நின்றது.