இரண்டாவது ஆதார்

1

“மெழுகுதிரி போன மாசம் ஏத்தினதுதானே! இன்னொருக்கா என்னத்துக்கு—”

“அது பிழையான மாசமோ எண்டு பயமாக்கிடக்கு, சொல்லுறதைக் கேக்கிறியளே இல்லை—”

“செத்தவவே கணக்குப் பாக்கேல்லை, உனக்கென்ன விசரோ—”

“அவவுக்கு வேற ஆர் இருக்கினம்? நான் மட்டும்தானே!”

ஓர்லிகோன் போகும் ட்ராமில் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது இவ்வளவுதான். திரும்பவில்லை. பார்த்தால் முகம் வந்துவிடும். எனக்குக் கதை குரலாகத்தான் வரும். பெயர்களை நான் வைத்தேன்: வேணுகா, அவள் கணவன் தவராஜா. மீதியை என் வீடு வரும்வரை, என் தலைக்குள், அவர்களே கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

2

ஃபிறவ் வைல் (ஜெர்மன் மொழியில் ஃபிறவ் என்றால் திருமதி), வேணுகா ஏழு வருடம் பராமரித்த, தடி ஊன்றி நடந்த யூத மூதாட்டி. பிள்ளை குட்டி இல்லை. “நான் செத்த நாளில் வருடா வருடம் ஒரு திரி” என்று கையைப் பிடித்துக் கேட்டார். வேணுகா ஓம் என்றாள். போன வருடம் மார்ச் இரண்டில் கண்ணை மூடினார்.

அந்தத் திகதி ஓரிடத்தில் நிற்காது என்பது வேணுகாவுக்குத் தெரியும். யூதருடைய நாட்கள் நிலாவோடு நகர்பவை. நம் திவசம் மாதிரித்தானே என்று, குசினிச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரில் வளர்பிறைத் திதி பார்த்து, மாசியில் ஏற்றிவிட்டாள்.

(நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆகவே இந்தப் பிழையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.)

நிலா வருடம் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் குறைவு. ஈடுகட்ட, சில வருடங்களில் யூதர் ஒரு மாதத்தைக் கூட்டுவார்கள். அப்போது ஃபிறவ் வைல் செத்த ஆதார் மாதம் இரண்டாகிவிடும். இந்த வருடம் அப்படி; வேணுகா ஏற்றியது முதலாவதில். கல்லறைக்குப் பொறுப்பான மனிதரிடம் தொலைபேசியில் கேட்டாள்.

“சிலர் முதலாவதில், சிலர் இரண்டாவதில், சிலர் இரண்டிலும்” என்றார்.

3

மாசித் திரி ஒரு முழு நாள் எரிந்து அணைந்தது. மறுநாளிலிருந்து வீட்டு நடையில் ஊன்றுதடிச் சத்தம்.

[இந்த வரியை இரண்டு தரம் வெட்டினேன். ‘மேல்மாடியில் யாரோ தளபாடம் நகர்த்தி’ என்று தொடங்கியும் பார்த்தேன்; தடிதான் கேட்டது.]

“தண்ணிக் குழாய்ச் சத்தமடி.”

“குழாய் குசினி வாசலில நிண்டு மூச்சு வாங்குமோ?”

தவராஜா குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். பிறகு, மெதுவாக: “அப்ப ரெண்டாவதையும் ஏத்தினா, இன்னொரு ஆளும் வரும்.”

“இல்லாட்டி வந்தவ நிம்மதியாப் போவா. அதுக்குத்தானே வாக்குக் குடுத்தனான்.”

4

முடிவு ஒன்று: ஏற்றுகிறாள்; சத்தம் நிற்கிறது. எழுதிப் பார்த்தேன். ஒரு குரலும் கேட்கவில்லை, ஆகவே பொய்.

முடிவு இரண்டு: ஏற்றாமல் விடுகிறாள். தவராஜா அன்றைக்கு நிம்மதியாக— இல்லை. வாக்கு அவனுடையதல்ல.

எனக்குக் கேட்டதை மட்டும் தருகிறேன். யூதருக்கு நாள் பொழுதுபடும்போதே தொடங்கிவிடும். மார்ச் பதினெட்டு, மாலை ஆறரை: இரண்டாவது ஆதாரில் ஃபிறவ் வைல் செத்த நாள் தொடங்குகிறது. தவராஜா வேலையால் இன்னும் வரவில்லை. திரி மேசையில், தீக்குச்சி வேணுகாவின் விரல்களில், இன்னும் உரசாமல். நடையில் தடி ஊன்றி ஊன்றி வந்து குசினி வாசலில் நிற்கிறது.

அதே நேரம் வெளியே, மாடிப்படியில், இன்னொரு தடி ஏறி வருகிறது.

வேணுகாவின் கடைசிக் கேள்விக்குமேல் என் காது எட்டவில்லை. பதில் உங்களுக்குக் கேட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

“ஃபிறவ் வைல், உங்கள் ரெண்டு பேரில ஆருக்கு நான் வாக்குக் குடுத்தனான்?”