தாம்பரம் ஜெய்னப் எங்கிருந்தாலும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, காதில் விழுந்தது. தீவுத்திடல் பொருட்காட்சியில் டெல்லி அப்பளம் வாங்கிக்கொண்டு நின்றபோது ஒலிபெருக்கி ஒரு பெண்ணைத் தேடியது. தேடப்பட்டவர் என் பக்கத்திலேயே அப்பளம் தின்றுகொண்டிருந்தார். அறிவிப்பைக் கேட்டார், ஆனால் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அன்றிலிருந்து மண்டையைக் குடைகிறது.

தொடக்கம் ஒன்று: ஆண்டுதோறும் மக்கள் வெள்ளத்தில் மிதக்கும் தீவுத்திடல் அன்றும்...

(வேண்டாம். செய்தித்தாள் வாடை.)

தொடக்கம் இரண்டு: அந்த ஞாயிற்றுக்கிழமை, வெங்காயக் கலர் சேலையும் அதற்கு அச்சாகப் பொருந்திய ரவிக்கையுமாக, ஜெய்னப் தாம்பரத்தில் மின்ரயில் ஏறினாள். கூடவே கணவர் அப்துல் ரசாக்.* பதினெட்டு வருடமாகப் பொருட்காட்சிக்குப் போகிறார்கள். மகள் அஃப்ஷான் இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை. அவள் பொத்தேரியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், மறுநாள் பரீட்சை.

(இது பரவாயில்லை.)

* அவளை ‘அவள்’ என்றும் அவரை ‘அவர்’ என்றும் எழுதிவருகிறேன். பழக்கதோஷம். திருத்த நினைத்து மறந்துவிட்டேன்.

2

ரசாக்குக்கு என்ன தொழில் கொடுப்பது என்று திணறினேன். முதலில் மளிகைக் கடை வைத்துக் கொடுத்தேன், கதை நகரவே இல்லை. இப்போது மேற்குத் தாம்பரத்தில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். ரவிக்கைத் துணி, லைனிங் வியாபாரம். சேலையின் ஓரத்தை வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்து, “அக்கா, இது ராமர் கலர். பச்சைன்னு சொல்லி வாங்கிட்டுப் போயிடாதீங்க” என்பார். நிறத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

(கதைக்கு ரொம்ப வசதியான தொழிலாக இருக்கிறதே என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். எனக்கும் உறுத்துகிறது.)

ரயில் பல்லாவரம் தாண்டியது. வழக்கமாக நடுவில் அஃப்ஷான் உட்காருவாள். இன்று அங்கே பை இருந்தது. ஜெய்னப்பின் செல்போனும் அந்தப் பையில்தான்.

“அவ இருந்தா லொடலொடன்னு பேசிட்டே வருவா,” என்றாள் ஜெய்னப்.

“ம்,” என்றார் ரசாக்.

இனி எல்லா வருடமும் இப்படித்தானா? மகள் கிளம்பிப் போனபிறகு இருவருக்கும் நடுவில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா? ஜெய்னப்புக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

3

காய் நறுக்கும் கருவியை விற்பவன் கேரட்டைப் பூவாக வெட்டிக் காட்டினான். பையும் கையுமாக ரசாக் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். பின்னால் வருகிறார் என்று நினைத்து ஜெய்னப் நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது கூட்டம்தான் இருந்தது. தேடிச் சலித்து, கைப்பர்ஸைத் திறந்து ஒரு அப்பளம் வாங்கினாள்.

“தாம்பரத்திலிருந்து வந்திருக்கும் ஜெய்னப் எங்கிருந்தாலும் உடனே அறிவிப்புக் கூடத்துக்கு வரவும். பச்சைக் கலர் சேலை. கணவர் காத்திருக்கிறார்.”

விடுவிடுவென்று கிளம்பியவள் நின்றாள். குனிந்து தன் சேலையைப் பார்த்தாள்.

“அக்கா, உங்களத்தான் கூப்டுறாங்கோ போல கீதே?” என்றான் அப்பளம் பொரிக்கும் குமரேசன்.

“பச்சைன்னு சொன்னாங்களே.”

“இன்னாக்கா நீ! அப்ப அது வேற ஜெய்னப்புன்றியா?”

“இருக்கலாம்.”

அந்த நிமிடம் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. பச்சைச் சேலையில் இன்னொரு ஜெய்னப் இருக்கிறாள், ரசாக் அவளைத்தான் தேடுகிறார், நாம் எதற்கு நடுவில் போய் நிற்க வேண்டும்?

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒலிபெருக்கி கரகரத்தது. “ஜெய்னப் எங்கிருந்தாலும்... மன்னிக்கவும், நீலக் கலர் சேலை.”

இந்தச் சேலைக்கு ரவிக்கைத் துணியை வெட்டிக் கொடுத்தவரே ரசாக்தான். வாசல் வெயிலில் வைத்துப் பார்த்தது துணியை மட்டும். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

“இன்னொரு வாட்டி கூப்பிடட்டும் தம்பி. சரியாச் சொன்னா போறேன்.”

4

முடிவு அ: மூன்றாவது அறிவிப்பில் ரசாக் சரியாகச் சொல்கிறார். அவள் ஓடுகிறாள்.

(மகளுக்கு போன் போட்டுக் கேட்டிருந்தால்? காலையில் சேலை கட்டியதும் ஜெய்னப் படம் எடுத்து அஃப்ஷானுக்குத்தான் அனுப்பினாள். ரசாக்குக்கு அனுப்பவில்லை. அவர்தான் பக்கத்திலேயே இருக்கிறாரே.)

முடிவு ஆ: அவள் தனியாகத் தாம்பரத்துக்கு ரயிலேறி...

(அடித்துவிட்டேன். அவளுக்கு இருப்பது கோபமில்லை, பயம்.)

முடிவு இ: ரசாக் மைக்கைப் பிடுங்கி, “கலர் தெரியலம்மா, வந்துடு” என்கிறார்.

(எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அப்படிப் பேசுகிற மனிதராக நான் அவரை எழுதவில்லையே.)

5

ரசாக்கைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருபது நிமிடம் நின்றேன். அப்பளத்தில் மிளகாய்த்தூள் தூக்கலாக இருந்தது நினைவிருக்கிறது. அவர் சேலை நிறம் நினைவில்லை. முதல் பகுதியில் எழுதிய நிறம் நானாகப் போட்டது. என் ஜெய்னப்புக்கு அதுதான் நிஜம். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

மைக்கை யாரோ தட்டிப் பார்க்கிறார்கள். ஜெய்னப் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அறிவிப்பாளர் ரசாக்கைப் பார்த்துச் சலித்து, இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறார்.

மேலே போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள், என்ன கலர்?