மூன்றாம் ஓலைக்கு முன்

கொல்லம் ஆண்டு 1106, மாசி மாதம். வேதக்கோவிலில் நேசபாயின் கலியாண அறிவிப்பு ஓலையை முதல் தடவை வாசித்த மறுநாள்தான் மகளின் வலது மணிக்கட்டில் அந்த வெள்ளைப் புள்ளியை ராஜபாய் பார்த்தாள். சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். கை சிவந்ததே தவிர புள்ளி போகவில்லை.

வேறு எங்கே வந்திருந்தாலும் சேலைக்குள் மூடிக்கொள்ளலாம். இது வலது கை ஆயிற்றே! சபை முழுக்கப் பார்க்க, போதகர் மாப்பிள்ளையிடம் பிடித்துக் கொடுக்கிற கை. இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். மூன்றாவது ஓலையிலும் யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கலியாணம். குஷ்டம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஊரே அதைச் சொல்லும். ஊருக்கு வேறென்ன வேலை?

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது குஷ்டம் இல்லம்மா. யாருக்கும் ஒட்டாது. ஆனா இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்றார். இதைச் சொல்லத்தானா இவ்வளவு படித்தார் என்று ராஜபாய்க்கு ஆத்திரமாக வந்தது.

அங்கிருந்து நேரே தோவாளைக்கு, வைகுண்டராஜன் வைத்தியரிடம் போனார்கள். அவர் கார்போக அரிசி என்ற மருந்து விதையைப் பொடித்துக் கொடுத்தார்.

"எண்ணெயில குழைச்சுப் புள்ளி மேல மட்டும் பூசணும். காலம்பற இளவெயில்ல காட்டணும். உங்க வேதத்துல உள்ள சின்ன சங்கீதம் ஒண்ணு சொல்லி முடிக்கிற நேரம் போதும். கூட நின்னா வெந்து போவும், பாத்துக்கிடுங்க."

"நெறம் எப்பம் வரும் வைத்தியரே?"

"மாசக்கணக்கு ஆவும். வராமலும் போவும்."

மாசத்துக்கு ராஜபாய் எங்கே போவாள்? பாழாய்ப்போன மனசு தானாக ஒரு வழி கண்டுபிடித்தது. சின்ன சங்கீதத்துக்கு மாசக்கணக்கு என்றால், பெரிய சங்கீதத்துக்குச் சீக்கிரம் குணமாகாதா? மருந்தைப் புள்ளியைச் சுற்றியும் தாராளமாக அப்பினாள். மகளை உச்சிவெயிலில் நிறுத்தினாள். வேதத்திலேயே நீளமான நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தை எடுத்து முதல் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

"எரியுதும்மா."

"பொறுத்துக்க மக்கா, பாதி தாண்டியாச்சு. விசுவாசத்தோட நில்லு."

மறுநாள் கை வீங்கியது. அதற்கடுத்த நாள் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. அவை உடைந்து தோல் உரிந்தபோது, நெல்லளவு இருந்த வெளுப்பு கையகலத்துக்குப் பரந்து கிடந்தது. ராஜபாய் முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள். "எம்பிள்ளைய நானே கெடுத்துட்டேனே!"

நேசபாய் அழவில்லை. "இத மறைச்சுக்கிட்டு நான் அவுக கையப் பிடிக்க மாட்டேன்" என்றாள்.

"வாய மூடுட்டி!"

மூன்றாம் ஓலை ஞாயிறு வந்தது. மாப்பிள்ளை சத்தியநேசனும் அதே சபைதான். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தான். ராஜபாய் மகளின் கையைத் தன் முந்தானைக்குள் இழுத்து இறுக்கிக்கொண்டாள். போதகர் ஓலையை வாசித்துவிட்டு, தடை சொல்ல யாரும் உண்டா என்று கேட்டார்.

நேசபாய் எழுந்தாள். முந்தானை நழுவியது. வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

பெண்கள் பக்கம் பாய்கள் சரசரத்தன. பக்கத்தில் இருந்தவள் தன் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். ஒட்டாது, டாக்டரே சொல்லிவிட்டார் என்று கத்தவேண்டும்போல் இருந்தது ராஜபாய்க்கு. சத்தியநேசனையே பார்த்தாள். தலைகுனிந்து இருந்தான். அவன் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும், ஆண்டவரே! வேண்டிக்கொள்ள ஒரு சங்கீதம் தேடினாள். ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

போதகர் ஓலையை மடித்தார். அவன் நிமிரவே இல்லை.