சம்பளத்துக்கு இருக்கிறவன்

செத்த வீட்டில் செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிற மருமகளை ஊர் என்ன பேசும் என்று ஜெயபாரதிக்குத் தெரியாமல் இல்லை. பேசினால் பேசட்டும் என்று மாமனாரின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கருமத்த அணைச்சு வெச்சாத்தான் என்ன?" என்றாள் மருதாள். செத்துப்போன சாமியப்பனின் அக்கா அவள். "பொணத்துக்கு முன்னால பாட்டுப் பாடிரப் போகுது."

"அணைக்க முடியாதுங்க. ஒரு போன் வரோணும்."

"என்ற தம்பியே போயிட்டான். இதுக்கு மேல என்ன போனு?"

ஆஸ்திரேலியாவுக்காகச் சென்னையிலிருந்து வரவேண்டிய போன். இதை மருதாளிடம் விளக்குவதற்கு, விளக்குக்கு இன்னும் ஒரு படி எண்ணெய் ஊற்றலாம்.

ஜெயபாரதியின் கணவன் குகன் மெக்கானிக்கல் படித்தவன். படிப்பு முடிந்த நாளிலிருந்து அப்பாவின் சாயப்பட்டறையில் பாய்லரையும் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். சாயத்தண்ணீர் வழக்கில் பட்டறையை எந்த மாதம் மூடச் சொல்வார்கள் என்பது முருகனுக்கே வெளிச்சம். ஆஸ்திரேலியா போய்ப் பிழைக்கலாம் என்று முதலில் சொன்னவள் ஜெயபாரதி. போவதற்கு முன்னால், இவன் படித்த படிப்பும் பார்த்த வேலையும் இன்ஜினியருக்கு உரியவைதான் என்று அந்த ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். என்ன மெஷின், என்ன கோளாறு, அதற்கு இவன் என்ன செய்தான் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் உட்கார்ந்து கதை கதையாக எழுதி அனுப்பினார்கள். எல்லாம் கூடிவந்தது. அப்புறம், வேலை உண்மைதானா என்று விசாரிக்க அவர்களுடைய சென்னை ஆபீசிலிருந்து ஒரு பெண் பட்டறைக்குப் போன் செய்தாள். எடுத்தவர் சாமியப்பன்.

"குகன்னு ஒரு இன்ஜினியர் உங்ககிட்ட வேலை பார்க்கிறாரா சார்?"

"வேலைக்காரனுங்களா? ஆரு சொன்னா? அவன் எம்பட பையனுங்க."

"மாசம் என்ன சம்பளம் தர்றீங்க?"

"பெத்த பையனுக்குச் சம்பளமா! நல்லாக் கேட்டீங்க போங்க. எல்லாமே அவனுதுதானுங்க."

இதை அவரே ராத்திரி சாப்பிடும்போது பெருமையாகச் சொல்லிச் சிரித்தார். ஜெயபாரதி கையில் இருந்த ரசக் கரண்டியை அப்படியே சட்டியில் போட்டுவிட்டாள். ஆடிட்டர் சொன்னபடி குகன் பெயரில் மாதாமாதம் பேங்கில் சம்பளம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதை ஆடிட்டரின் வித்தை என்று நினைத்திருந்தார் மனுஷன். கொஞ்ச நாளில் பதில் வந்தது: இவர் சம்பளத்துக்கு வேலை பார்த்ததாக நிரூபணம் இல்லை.

மறுபடி கெஞ்சி எழுதியதில் இன்னொரு தடவை விசாரிப்பதாகச் சொன்னார்கள். அந்த இன்னொரு தடவை இன்றைக்கு, மாமனாரின் இந்த செல்போனுக்கு. அடுத்த மாதம் குகனுக்கு வயது ஒன்று ஏறும், விசாவுக்கான மதிப்பெண் இறங்கும். இதை விட்டால் வேறு வழியில்லை.

ஒரு வாரமாக மாமனாரைப் பள்ளிக்கூடப் பிள்ளையாக உட்காரவைத்து ஜெயபாரதி சொல்லிக்கொடுத்தாள். 'எங்ககிட்ட வேலை செய்யறான்' என்பது வரைக்கும் சரியாக வருவார். சம்பளம் என்ற இடம் வந்ததும் வெற்றிலையைத் துப்ப எழுந்து போய்விடுவார். நேற்று ராத்திரிதான் வழிக்கு வந்தார். "செரி கண்ணு, சொல்லித் தொலைக்கறேன்" என்றார். விடிந்ததும் காப்பி கேட்டார். காப்பி வருவதற்குள் போய்விட்டார்.

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? இப்படி நினைத்ததற்கு ஜெயபாரதிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வைத்துவிட்டாரே என்று அதற்கும் சேர்த்து அவர்மேல் ஆத்திரம் வந்தது.

வாசலில் பந்தலடியில் குகன் நின்றுகொண்டிருந்தான். வருகிறவர்கள் எல்லாரும் அவன் கையைப் பிடித்து, "கடைசி வரைக்கும் கூடவே இருந்த பாரு, அவரு குடுத்து வெச்சவரு" என்றார்கள்.

"ஏனுங்க, போன் வந்தா என்ன சொல்றதுங்க?" என்று அவள் அவனிடம் போய்க் கேட்டாள்.

"இப்பப் போயி அதப் பேசற பாரு" என்றான். பேச வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. பிணத்தைக் குளிப்பாட்ட நீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு நேரமாயிற்று என்று பங்காளிகள் குடத்தைக் கொடுத்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் இடுப்பில் போன் அதிர்ந்தது.

"மிஸ்டர் சாமியப்பன் இருக்காருங்களா?"

"இல்லீங்க. காலைல தவறிட்டாருங்க."

பின்னால் ஒப்பாரி போன் செய்த பெண்ணுக்கும் கேட்டிருக்க வேண்டும். "சாரிங்க. நீங்க இன்னிக்குப் பேச வேணாம்னா பேச வேணாம். ஆனா பதில் கிடைக்கலைன்னு எழுதி ஃபைலை முடிக்கற மாதிரி ஆயிடும். ஓனர் பேரு நல்லம்மாள்னு போட்டிருக்கே, அவங்க பேசினாலும் போதும்."

வரிக்காக ஆடிட்டர் பட்டறையை மாமியார் நல்லம்மாள் பெயரில் எழுதியிருந்தார். அந்த முதலாளியம்மா ஆயுத பூஜைக்கு மட்டும் பட்டறையைப் பார்ப்பவள். இப்போது புருஷனின் தலைமாட்டில் அழுது அழுது தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். ஜெயபாரதி பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அத்தை, அந்தப் போனுங்க. நீங்க ஒரு வார்த்தை பேசினாப் போதுமாமுங்க."

"தாலி கட்டுனவன் பொணமாக் கெடக்கறான், இவ போனக் குடுக்கறா பாரு!" என்று மருதாள் கத்தினாள். ஒப்பாரி நின்றுவிட்டது. நல்லம்மாள் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று ஜெயபாரதி தலையைக் குனிந்துகொண்டாள். நல்லம்மாள் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"ஆமாங்க, நல்லம்மாதான் பேசறனுங்க. ஆமாங்க, என்ற பட்டறைதானுங்க."

வாசலில் பறைச் சத்தம் கேட்டது. ஈர வேட்டியோடு, தோளில் குடத்தோடு குகன் நிலைப்படியில் வந்து நின்றான். நல்லம்மாள் அவனைப் பார்த்தாள்.

"குகனுங்களா? ஆமாங்க, எங்ககிட்டத்தான் வேலைக்கு இருக்கறானுங்க."

அந்தப் பெண் அடுத்ததைக் கேட்டாள். நல்லம்மாள் போன் இல்லாத கையைக் கொண்டுபோய்ப் புருஷனின் காதை உள்ளங்கையால் பொத்தினாள்.

"சம்பளத்துக்குத்தானுங்க" என்றாள்.

அந்தப் பெண் வேறு என்னவோ கேட்டாள். "நல்ல பையனுங்க. நல்லா வேலை செய்வானுங்க" என்றாள் நல்லம்மாள். குரல் அங்கேதான் உடைந்தது. போனை மருமகளிடம் கொடுத்துவிட்டாள்.

ஜெயபாரதி இத்தனை நாள் ஏங்கிய வார்த்தை அதுதான். அதைக் கேட்டபிறகு அவளால் புருஷனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நேரமாகுதப்பா, குளிப்பாட்டத் தூக்கோணும்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். குகன் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றான். தூக்க வேண்டுமென்றால் அந்தக் காதிலிருந்து கையை எடுக்கச் சொல்ல வேண்டும். மருதாள்கூடச் சொல்லவில்லை.